மிச்சக் காசு

மூதூர் பஸ்ஸில் நான் கொண்டக்டர்.
என் கைக்குள் யாரும் காசு வைப்பதில்லை,
ஒரு சாண் மேலே நிறுத்திப் போடுகிறார்கள்.
மீன்கூடை செபஸ்தியம்மா இரண்டு சாண்.
விழுந்த சில்லறை சீற்றுக்கடியில் உருளும்.
குனிந்து பொறுக்கும்போது பார்த்துத்தான்
அரியகுட்டி பிரேக் பிடிப்பார்.

முதலில் வலது பெருவிரல் நகத்தடியில்
ஒரு சோற்றுப் பருக்கை அளவு.
சுண்ணாம்பென்று உரசினேன்.
மாசி கழிய மணிக்கட்டு.
ஆனி வர உதட்டின் இரண்டு கடையும்.
"மீன் திண்டிட்டுத் தயிர் திண்டிருப்பாய்"
என்றார் அரியகுட்டி,
இருபது வருசமாய் என் சாப்பாட்டுப் பார்சலில்
பாதி தின்பவர்.
உனக்கு ஒன்றும் வரவில்லையே என்றேன்.
அன்றிலிருந்து அவருக்கு
வேறு தேத்தண்ணிக் கடை.

சீனக்குடா தாண்டினால் ஓர் இறக்கம்.
"வெள்ளைமணல்! வெள்ளைமணல் இறங்குறாக்கள்!"
தொண்டைக்குப் பழகிய பெயர்.
இப்போது கூவினால்
பின் சீற்றில் ஒரு சிரிப்புக் கிளம்பும்.
கொஞ்ச நாள் மணியை மட்டும் அடித்தேன்.
இறங்கவேண்டிய ஒருவர்
கிண்ணியாப் பாலம்வரை போய்விட்டுத்
தூசணத்தால் ஏசினார்.
மறுபடி கூவத் தொடங்கினேன்.

மச்சாள் சொன்னாள்,
கோட்டைக்குள் நிற்கும் புள்ளிமான் மாதிரி வடிவாம்.
அந்த மான்களை எனக்குத் தெரியும்.
பஸ் நிலையக் குப்பையில்
சொப்பிங் பை தின்பவை.

புதன்கிழமை தோல் கிளினிக்.
அறையை இருட்டாக்கி ஊதா விளக்குப் பிடித்தார்கள்.
எனக்கே தெரியாத இடமெல்லாம் வெளித்தது:
முழங்கை, கழுத்து, காதின் பின்புறம்,
சண்டைக் காலப் பேப்பரில்
யார் கையில் எந்த ஊர் என்று போடும் படம் மாதிரி.
மிஸ்ஸி விளங்கப்படுத்தினார்:
"உங்கட உடம்பின்ர காவல்காரர்
உங்கட ஆக்களையே சுடுகினம்."
திருகோணமலையில் பிறந்தவனுக்கு
இது புதிய வருத்தமா, மிஸ்ஸி?

டொக்டர் சேனாரத்னவின் தமிழுக்கு வயது ஆறு மாதம்.
"குட்டம் இல்லை. தொட்டா வராது.
நிறம் சாக இல்லை.
மயிருக்குக் கீழ நிறம் ஒளி."
ஒளிந்திருக்கிறது என்கிறாரா,
வெளிச்சம் என்கிறாரா?
மிஸ்ஸி திருத்த வாய் திறந்தார்.
வேண்டாமென்று கை காட்டினேன்.

கிழமைக்கு இரண்டு தரம் வெளிச்சப் பெட்டி.
கறுப்புக் கண்ணாடியோடு கைவிரித்து நிற்க வேண்டும்,
கருவாட்டுக்குப் பிளந்த மீன்.
இரவில் களிம்பு.
மாதக்கணக்கில் எடுக்கும், சிலருக்கு வரவே வராது என்று
முதலே சொல்லிவிட்டார்கள்.

வாங்கில் பக்கத்தில் றிஸ்மியா, கிண்ணியாப் பிள்ளை.
லேபல் இல்லாத டப்பாக் கிறீம் ஒரு வருசம் பூசி
கன்னம் இரண்டும் உரிந்து, அடியில் கறுத்து,
கலியாணம் தள்ளிப்போயிருந்தது.
அவள் காசு கொடுத்துத் தொலைக்கப் பார்த்ததைத்
திருப்பி வாங்க நான் வரிசையில் நின்றேன்.
"மாத்துவமா அண்ணே?" என்றாள்.
உம்மா அவள் தொடையில் கிள்ளினார்.
மூவரும் சிரித்துவிட்டோம்.
அடுத்த இலக்கம் கூப்பிட்டதும் நின்றது.

நாற்பதாவது தரம்
மணிக்கட்டு வெள்ளையில் கடுகளவு மண்ணிறம்,
ஒவ்வொரு மயிரடியிலும் ஒன்று.
பஸ் நின்ற இடமெல்லாம் எண்ணினேன். பதினேழு.
உப்பாற்றடியில் எண்ணினால் பதினாறு.
விரல் நுனிக்கு வராது என்றார் டொக்டர்.
அங்கே மயிரில்லை,
ஒளிக்க இடமில்லை.

நேற்று செபஸ்தியம்மா ஆயிரம் ரூபாத் தாள் போட்டார்.
பிறகு தாறன் என்றேன்.
எந்தக் கொண்டக்டரையும்போல மறந்தேன்.
மூதூரில் கூடையை இறக்கி வைத்தவர்
திரும்பி ஏறி வந்து
என் மணிக்கட்டைப் பிடித்தார்,
செதில் ஒட்டிய முழுக் கையால்.
"கள்ளா! மிச்சக் காசு எங்கையடா?"

பஸ்ஸே பார்த்தது.
அவர்தான் கவனிக்கவில்லை
எதைப் பிடித்திருக்கிறார் என்று.

மற்றக் கையால் ஒவ்வொரு தாளாக எடுத்தேன்.
இரண்டு தரம் பிழைத்துப்போய்
முதலிலிருந்து எண்ணினேன்.